ஒண்டிக்கடையில் ஓர் ஒண்டிக்கட்டை

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்கிறது பழமொழி. யாரிடம் சொல்கிறது? என்னிடமோ உங்களிடமோ அல்ல. வீடு கட்டுகிறவனும் ஆண், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவனும் ஆண். அந்தப் பழமொழிக்குள் நாமும் இருக்கிறோம்தான். கட்டிக் கொடுக்கப்படும் பொருளாகவும், கட்டிய வீட்டைப் பெருக்கித் துடைக்கும் கையாகவும்.

இந்த இரண்டு காரியத்துக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அவருக்கு நம் ஊரில் ஒரே பெயர்: புரோக்கர். இருவரும் கேட்டதும் முதலில் சொல்வது ஒரே வார்த்தை: "நல்ல இடம் ஒண்ணு இருக்குங்க." மாப்பிள்ளையின் குடியை அந்த புரோக்கர் சொல்ல மாட்டார். மனையின் வில்லங்கத்தை இந்த புரோக்கர் சொல்ல மாட்டார். ஆனாலும் ஒரு பெண் முதன்முதலாக வீடு வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், சுற்றமும் நட்பும் கூடிநின்று ஒரே அறிவுரையைச் சொல்லும்: "நல்ல புரோக்கரா பார்த்துப் பிடி."

இந்த 'நல்ல' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

ஏற்காட்டில் ஒன்பது வருடங்களாக வாடகைக்குக் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வயது ஐம்பதை நெருங்குகிறது. மே மாதம் கோடை விழா நெருங்கினால் வீட்டு ஓனருக்கு மனக்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். டீச்சர் மாதம் முழுக்கக் கொடுக்கிற வாடகையைச் சுற்றுலா வருகிறவர்கள் நாலைந்து ராத்திரியில் கொடுத்துவிடுவார்களே! 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று முடிவெடுத்து, வங்கியில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, புரோக்கர் தேட ஆரம்பித்தேன்.

ஏற்காட்டில் புரோக்கர் தேட வேண்டுமென்றால் ஒண்டிக்கடைக்குப் போக வேண்டும். ஏரிக்குப் பக்கத்தில் ரோடுகள் பிரிகிற இடம். டீக்கடையில் பத்து நிமிடம் நின்று "வீடு ஏதாச்சும் விலைக்கு வருதா?" என்று கேட்டால் போதும், போன் நம்பர்கள் வந்து விழும். என்னையும் ஊர் ஒண்டிக்கட்டை என்றுதான் சொல்கிறது. ஒண்டிக்கடையில் ஓர் ஒண்டிக்கட்டை வீடு தேடுகிறாள் என்ற செய்தி நான் ரூமுக்குத் திரும்பும் முன்பே மலை முழுக்கப் போய்விட்டது.

அதன்பிறகு நான் சந்தித்த ஒவ்வொரு புரோக்கரும் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. எத்தனை சென்ட் வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்பதும் அல்ல. "சார் வரலீங்களா?"

சார் இல்லை என்றால், "வீட்ல பெரியவங்க யாராச்சும்?" அப்பா இறந்துவிட்டார் என்றால், "அண்ணன் தம்பி?" ஒருமுறை திருப்பூரிலிருந்து வந்திருந்த என் தம்பியும் கூட வந்தான். பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். புரோக்கர் அவனைப் பார்த்தே விலை சொன்னார், அவனைப் பார்த்தே தண்ணீர் வசதியை விளக்கினார், அவனிடமே "என்ன சார், முடிச்சிடலாங்களா?" என்று கேட்டார். பணம் என்னுடையது. கடன் என் சம்பளத்தில். பத்திரம் என் பெயரில். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

இது ஒரு சின்ன அவமானம்தானே, இதற்கா ஒரு கட்டுரை என்று தோன்றலாம். அவமானத்தோடு நின்றால் நானும் விட்டிருப்பேன். நம்மிடம் பேசாத ஆள் நம்மிடம் காகிதத்தையும் காட்ட மாட்டார். விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு புரோக்கர் மிகவும் மரியாதையானவர். "நீங்க என் பொண்ணு மாதிரிம்மா" என்பார். மூலப்பத்திரத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அந்தத் தலைவலியெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? நான் பார்த்துக்கறேன்."

தோழிகளே, தமிழில் பெண்களின் சொத்தை அதிகம் தின்ற வாக்கியம் எது என்று கேட்டால், 'நான் பார்த்துக்கறேன்' என்பதைத்தான் சொல்வேன். அப்பா போன பிறகு அண்ணன்மார் விடுதலைப் பத்திரத்தை நீட்டிச் சொல்வது அதுதான்: "கையெழுத்து மட்டும் போடு, உன்னை நாங்க பார்த்துக்கறோம்." சம்பள அக்கவுண்டின் ஏ.டி.எம். கார்டை வாங்கிக்கொள்ளும் கணவன் சொல்வதும் அதுதான். பணமும் உரிமையும் நம்முடையவை, விவரம் மட்டும் அவர்களுடையது. விவரத்தை வைத்திருக்கிறவர் கையில்தான் சொத்து இருக்கும்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள் ஆயின. அப்போதும் சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணமாகிப் போன மகள்களுக்குப் பங்கு இல்லை. 2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பால் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2020 ஆகஸ்டில். தொண்ணூறு வருடப் போராட்டத்தின் முடிவில் கிடைத்த உரிமையை ஒரு 'நான் பார்த்துக்கறேன்' ஐந்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடும்.

ஆகவே 'நல்ல புரோக்கர்' என்று நாம் தேடுவது உண்மையில் யாரை? இன்னோர் அப்பாவை. இன்னோர் அண்ணனை. நமக்காக யோசித்து, நமக்காகப் பேசி, நம்மை ஏமாற்றாமல் விடுகிற ஓர் ஆண்மகனை. அப்படி ஒருவர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி இருபது வருடக் கடன் வாங்க முடியாது.

அப்படியானால் சட்டம் என்ன செய்கிறது? 2016-இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ரெரா என்று சொல்கிறோமே, அதுதான். அதன்படி, பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவிலோ அடுக்குமாடியிலோ இடம் விற்றுத் தருகிற முகவர் தன் பெயரை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். தான் முடிக்கிற ஒவ்வொரு விற்பனையிலும் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். வாங்குகிறவருக்கு உரிய ஆவணங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். தமிழ்நாட்டில் இதற்கென்று தனி ஆணையமே இருக்கிறது. பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலை அதன் இணையதளத்தில் பார்க்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலமோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட கட்டடமோதான் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு 'திட்டம்'. ஒரு பழைய ஓட்டு வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால், நடுவில் நிற்கிற புரோக்கருக்குப் பதிவு தேவையில்லை. ஏற்காட்டில் என்னைப் போன்றவர்களுக்கு எட்டுகிற வீடுகள் எல்லாம் இந்த ரகம்தான். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும், டீக்கடை வைக்க உரிமம் வேண்டும். ஒரு பெண்ணின் வாழ்நாள் சேமிப்பைக் கை மாற்றிவிட ஒரு செல்போன் போதும்.

இந்த ஓட்டையை அடைக்காமல் அரசு வேறொரு சலுகையைக் கொடுத்தது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம். வேண்டாம் என்று சொல்லவில்லை. மலையில் 10 லட்சத்துக்குள் என்ன கிடைக்கும் என்றும் கேட்கவில்லை. ஆனால் புரோக்கர்கள் இதை யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். "மேடம் பேர்ல போட்டுக்குங்க சார், ஒரு பர்சன்ட் மிச்சம்." சொத்து வாங்குகிறவர் சார்தான். மேடம் ஒரு தள்ளுபடிச் சீட்டு. பதிவு நாளில் விரலை வைத்து, போட்டோவுக்கு முகம் காட்டிவிட்டு, காரில் போய் உட்கார்ந்துகொள்ளும் மேடம்கள் எத்தனை பேர்? தங்கள் பெயரில் இருக்கிற நிலத்தின் சர்வே எண் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதுவரை சொன்னது வாங்குகிற பெண்ணின் கதை. விற்கிற பக்கத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். மலையில் வீடு தேடுகிற யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

சேர்வராயன் மலையின் ஆதிகுடிகள் மலையாளி மக்கள். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் அந்தப் பெயர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் வந்த எஸ்டேட்டுகள், பங்களாக்கள், பள்ளிகள், லாட்ஜுகள், இன்றைய வார இறுதி வில்லாக்கள் எல்லாம் இவர்கள் மண்ணில் வந்து உட்கார்ந்தவைதான். பழங்குடி நிலத்தை வெளியாட்கள் வாங்கிவிடாமல் காக்கிற அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை.

மலையிலேயே நல்லவர் என்று எல்லோரும் கைகாட்டிய ஒரு புரோக்கர், ஒண்டிக்கடையிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரத்தில் போகிற ஒரு கிராமத்தில் வீடு காட்டினார். ஓட்டு வீடு, பின்னால் நாலைந்து சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக்கொடி. என் கடனுக்குள் அடங்கும் விலை. இவர் "சார் வரலீங்களா" என்று கேட்கவில்லை. காகிதங்களை என் கையிலேயே கொடுத்தார். பட்டா இறந்துபோன அப்பாவின் பெயரில். இரண்டு மகன்கள் கையெழுத்துப் போடுவார்கள் என்றார். எல்லாம் சரியாக இருந்தது. மறுவாரம் தனியாக அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். உள்ளே ஒரு பெண் சமைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு மகள். கணவனை விட்டு வந்து, இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கிறாள். "நீங்கதான் வாங்கப் போறீங்களாக்கா?" என்று கேட்டாள்.

புரோக்கரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "இவங்க மலையாளிங்க, டீச்சர். பொம்பளைப் புள்ளைக்குப் பங்கு வராது. சட்டமே அப்படித்தான். வில்லங்கம் எதுவும் வராது, நான் கேரண்டி."

அவர் சொன்னது பொய் இல்லை. அதுதான் கொடுமை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவிக்கை செய்தால் ஒழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2-வது பிரிவே சொல்கிறது. 1989-இல் நமக்கு வந்ததும் 2005-இல் வந்ததும் அந்தச் சமையலறைக்கு வரவில்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த விலக்கை மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று மத்திய அரசிடம் சொன்னது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், பழங்குடிப் பெண் என்பதற்காகப் பங்கை மறுப்பது பாகுபாடு என்றது. தீர்ப்புகள் மலை ஏறி வரும் முன்பே விற்பனைகள் முடிந்துவிடுகின்றன.

நான் அந்த வீட்டை வாங்கவில்லை. 'ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்' என்பார்களே, அந்தப் பிடாரியாக எனக்கு விருப்பமில்லை. ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்திவிட்டு இன்னொரு பெண் பெறுகிற சாவிக்கு விடுதலை என்று பெயர் வைக்க முடியாது. நான் விலகியதால் அவள் காப்பாற்றப்பட்டாள் என்று நினைக்காதீர்கள். இரண்டு மாதத்தில் வேறொருவர் வாங்கினார். இப்போது அங்கே ஹோம்ஸ்டே போர்டு தொங்குகிறது. அவள் எங்கே போனாள் என்று கேட்டபோது யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

நல்ல புரோக்கர் இருந்தார். வாங்க வந்தவளும் மனசாட்சிப்படி விலகினாள். வீடு போனது போனதுதான். தனி ஆட்களின் நல்ல குணத்தை நம்பிப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான். நமக்குத் தேவை நல்லவர் அல்ல, பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

அவரை எப்படி அடையாளம் காண்பது? கேள்விகளால்தான். உங்கள் கமிஷன் எவ்வளவு, அதை எழுதித் தருவீர்களா? விற்பவரிடமும் வாங்குகிறீர்களா? விற்பவர் கேட்கிற விலையை அவர் வாயாலேயே நான் கேட்கலாமா? விற்பவருக்கு ஒரு விலை, வாங்குகிறவருக்கு ஒரு விலை சொல்லி நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். இந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வாரிசுச் சான்று எல்லாவற்றின் நகலும் அட்வான்ஸுக்கு முன்பே என் கைக்கு வருமா? வாரிசுச் சான்றில் உள்ள பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா? வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்?

"இன்னிக்கே டோக்கன் போடலைன்னா பெங்களூர் பார்ட்டி எடுத்துடுவாங்க" என்றால் எடுத்துக்கொள்ளட்டும். நிலம், வீட்டுக்கான அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்திருக்கிறது. ரொக்கம்தான் வேண்டும் என்கிறவர் நம்மிடமிருந்து ரசீதை மறைக்கிறார். "பவர் வெச்சிருக்காரு, அவரே போட்டுக் கொடுப்பாரு, பத்திரம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் வெறும் பவர் பத்திரத்தால் சொத்து நமக்கு மாறாது. உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. மலையில் இன்னொன்றும் உண்டு. ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. பட்டா இருப்பதாலேயே வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது. "அதெல்லாம் வாங்கிக்கலாம்" என்கிறவரிடம், "வாங்கிய பிறகு மீதிப் பணம் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும் பட்டாவை வருவாய்த்துறை இணையதளத்திலும் நாமே பார்க்கலாம். இலவசம்தான். சட்டக் கருத்துக்கு நாமே ஒரு வக்கீலைப் பிடிக்க வேண்டும். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் புரோக்கரின் வக்கீல்.

பெண் புரோக்கராகப் பார்த்தால் பிரச்சினை தீருமா என்று கேட்பீர்கள். இந்தத் தொழிலுக்கு ஏன் பெண்கள் வருவதில்லை என்று யோசித்தீர்களா? ஆணுக்குத் தொழிற்பெயராக இருக்கிற 'புரோக்கர்' என்ற சொல், பெண்ணுக்கு முன் வந்தால் வசையாகிவிடுகிறது. டீக்கடையில் நாள் முழுக்க நிற்கவும், முன்பின் தெரியாதவரை வண்டியில் ஏற்றிக் காலி வீட்டைக் காட்டவும் ஆணால் முடியும். பெண் செய்தால் ஊர் என்ன பேசும் என்று நமக்குத் தெரியும். உரிமமும் அலுவலகமும் பதிவு எண்ணும் உள்ள தொழிலாக இது மாறினால் பெண்களும் வருவார்கள். அப்போதும் நான் அவர்களிடம் இதே கேள்விகளைத்தான் கேட்பேன்.

"இவ்வளவு கேள்வி கேட்டா எவன் டீச்சர் உங்களுக்கு வீடு காட்டுவான்?" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். உண்மைதான். மூன்று பேர் இப்போது என் போனை எடுப்பதில்லை. இதே கேள்விகளை ஓர் ஆண் கேட்டால் விவரமானவர். நான் கேட்டால் வில்லங்கம் பிடித்தவள். ஒருத்தி கேட்பதால்தான் வில்லங்கம். ஒண்டிக்கடையில் வந்து நிற்கிற ஒவ்வொரு பெண்ணும் இவற்றையே கேட்டால் அது வழக்கமாகிவிடும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அரசிடம் கேட்பதற்கும் இருக்கிறது. ஒரே ஒரு வீட்டை விற்றுக் கொடுத்தாலும் புரோக்கருக்கு உரிமம் கட்டாயமாக வேண்டும். கமிஷன் எழுத்தில் இருக்க வேண்டும். பழங்குடிப் பெண்களுக்கு வாரிசுரிமை தரும் அறிவிக்கையை மத்திய அரசு வெளியிட வேண்டும். அதை மாநில அரசு விடாமல் வலியுறுத்த வேண்டும். பூர்வீகச் சொத்து விற்பனைக்கு வரும்போது அந்த வீட்டு மகள்கள் எங்கே என்று சார்பதிவாளர் கேட்டாக வேண்டும். பெண் பெயரில் பதிந்தால் 10,000 ரூபாய் மிச்சம் என்று சொல்லத் தெரிந்த அரசுக்கு, ஒரு பெண்ணின் பெயர் ஏன் விட்டுப்போனது என்று கேட்கவும் தெரிய வேண்டும்.

எனக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை. மே மாதம் வரப் போகிறது, ஓனர் வாடகையைப் பற்றிப் பேச வருவார். நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.